யாரும் பிடிக்காத ஸ்டீயரிங்

போடிநாயக்கனூர்
13 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை ராஜாத்திக்கு,

இக்கடிதத்தில் எழுதப்போகிறவை:

1. உன் காதும் உடம்பும்.
2. செவ்வாய்க்கிழமை நவநாளில் உன் பெயரால் வாசித்த நன்றி மடல்.
3. அதைக் கேட்டு மக்கள் அடைந்த பரவசம்.
4. எனக்குள்ள ஒரு சிறு ஐயம்.

முதலாவது. ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை நேரே மலைக்கு அனுப்பியதற்காக உன் மதினி இன்னும் என்னைத் திட்டுகிறாள். "டீக்கடை கெடந்தா கெடந்துட்டுப் போகுது. காது கேக்காத பொம்பளைய அந்தக் குளிர்ல தனியா விட்டுட்டு வந்திருக்கீகளே" என்கிறாள். போன் போட்டால் உனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கிறது என்பதால் எழுதுகிறேன். சுருளியின் ஜீப்பில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு. சொட்டு மருந்தை ஒழுங்காக விடுகிறாயா?

இரண்டாவது. அந்தோணியார் நவநாள் வழிபாட்டில் பூசை முடிந்ததும் வரம் பெற்றவர்களின் நன்றி மடல்களை நான் வாசிப்பது உனக்குத் தெரியும். எழுத வராதவர்களுக்கு நானே எழுதிக் கொடுப்பதும் உண்டு. விபத்தில் காது போய், யார் பேசுவதும் கேட்காமல் நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். அதனால் உனக்கும் நானே எழுதினேன். ஆதாரமில்லாமல் ஒரு வரிகூட எழுதவில்லை. பிரேக் பிடிக்காத ஜீப், அந்தோணியார் சொரூபம் இருக்கும் கெபி வளைவை நோக்கி இறங்கியது. ஓட்டி வந்த அமாவாசை சாலையில் கிடந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அவர் குதித்திருக்கிறார். ஜீப்போ பள்ளத்தில் விழாமல் மலைப்பக்கம் திரும்பிப் பாறையில் மோதி, அந்தோணியார் கெபிக்கு முன்னால் நின்றிருக்கிறது. ஆகவே வேறொரு கை அதைத் திருப்பியிருக்கிறது. "ஓட்டியவர் கைவிட்டுக் குதிக்க, யாரும் பிடிக்காத ஸ்டீயரிங் என் கண்முன்னே தானாகத் திரும்பியது" என்று எழுதினேன்.

மூன்றாவது. அந்த வரியை வாசித்ததும் பின்வரிசையில் ஒரு பெண் முழந்தாளிட்டாள். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும். ஆயுள் முழுக்க வகுப்பில் பேசியவன் நான். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்கு ஒரு கூட்டம் மண்டியிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

நான்காவது. நீ முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாய் என்கிறார்கள். "என் கண்முன்னே" என்று எழுதியது சரிதானே? சரி என்றே நினைக்கிறேன்.

அண்ணன்
எட்வர்ட்

*

போடிமெட்டுக்கு மேலே
2 மார்ச் 2025

அண்ணனுக்கு வணக்கத்தோடு ராஜாத்தி எழுதுவது.

மதினியின் முட்டுவலி எப்படி இருக்கிறது? என் பொருட்டு உங்களைத் திட்டவேண்டாம் என்று சொல்லுங்கள். மருந்து விடுகிறேன். இடது காது செத்துவிட்டது. வலது காதில் ஒரு வண்டு குடைந்துகொண்டே இருக்கிறது. அதற்கு நடுவே மனுஷக் குரல் வந்தால் உண்டு.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த மடலை நான் எழுதவில்லை அண்ணே. எழுதச் சொல்லவும் இல்லை.

கடைசி ஏலக்காய் எடுப்பு முடிந்துகொண்டிருக்கிறது. எடுப்புக்கு வரும் பெண்கள் கடைக்கு வந்து என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். விஷயம் புரியாமல் நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒருத்தி சோப்பு அட்டையைக் கிழித்து எழுதிக் காட்டினாள்: "தானா திரும்புச்சாமே?"

அமாவாசை எப்படி இருக்கிறார்? அதை நீங்கள் எழுதவே இல்லை.

ராஜாத்தி

*

போடிநாயக்கனூர்
9 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

வீட்டில் சுகம். முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. எழுதவேண்டியவை மூன்று.

1. அமாவாசை. மதுரையில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது தேவாரம் பக்கம் தன் ஊரில் இருக்கிறார். இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. பெண்கள் நிறைந்த வண்டியை ஓடும்போது கைவிட்டுக் குதித்ததாக அவர்மேல் போலீஸில் வழக்கு இருக்கிறது. ஜீப்பின் சொந்தக்காரர் பாண்டித்துரை, நம் பங்கில் எதற்கும் முதல் ஆளாகக் கொடுப்பவர், உன் நன்றி மடலின் நகலை அங்கே கொடுத்திருக்கிறார். நானாகக் கொடுக்கவில்லை. அவர் கேட்டார், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

2. கல்வெட்டு. வளைவில் இருக்கும் சின்னக் கெபியைப் பெரிய மண்டபமாகக் கட்டுகிறார் பாண்டித்துரை. அந்த வரியைப் பளிங்கில் வெட்டி, கீழே உன் பெயரும் போட்டு, ஜூன் 13 அந்தோணியார் திருநாளன்று மந்திரித்துத் திறக்கப் போகிறார்கள். ஞாயிறானால் கம்பத்திலிருந்தும் தேனியிலிருந்தும் வேன் பிடித்து வருகிறார்கள்.

3. உன் வருத்தம். நீ எழுதச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் எழுதியதில் பிழை உண்டா? இல்லையென்றால் இதை இப்படியே விட்டுவிடலாம் என்பது என் தாழ்மையான எண்ணம்.

எட்வர்ட்

*

போடிமெட்டுக்கு மேலே
30 மார்ச் 2025

அண்ணனுக்கு,

தவக்காலத்தில் நீங்கள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டுக்கொண்டு மயங்கி விழவேண்டாம். சர்க்கரை மாத்திரையை மறக்கவேண்டாம்.

பிழை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு.

அன்று சாயங்காலம், எடுப்பு முடிந்து இறங்கும் பெண்களோடு நானும் நவநாளுக்காக ஜீப்பில் ஏறினேன். மெட்டில் வைத்தே அமாவாசை பெடலை மிதித்துப் பார்த்தார். "ஆத்தா, பிரேக்கு சவசவன்னு இருக்கு. மொதலாளிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. உருட்டிக்கிட்டே எறங்கிருவோம்" என்றார். கெபி வளைவுக்கு மேலே பெடல் அடியோடு போய்விட்டது. கியரை இழுத்தார். விழவில்லை. என் பக்கம் பள்ளம். கீழே போடியில் அப்போதுதான் விளக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள், அவ்வளவும் தெரிந்தது. அவர் பக்கம் மலை. அந்த ஜீப்பில் அவர் பக்கம் கதவு கிடையாது. குதித்திருந்தால் சாலையில் விழுந்து எழுந்து போயிருப்பார்.

அவருடைய இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன. நான் பார்த்தேன். வலதுபக்கமாக ஒடித்துத் தன் பக்கத்தைப் பாறையில் கொடுத்தார். பாறைக்கும் இரும்புக்கும் நடுவே அவர் கால் சிக்கிக்கொண்டது. அவரை இழுத்துச் சாலையில் கிடத்தியவர்கள் நாங்கள்தான்.

போன வாரம் பாண்டித்துரை அண்ணாச்சி கடைக்கு வந்தார். "தங்கச்சி, ஊரே ஒன்னயக் கும்புடுது. நீ ஒண்ணும் சொல்ல வேணாம், சும்மா இருந்தாப் போதும்" என்று காதில் கத்தினார். அது மட்டும் நன்றாகக் கேட்டது. என் பெயரைக் கல்லில் வெட்டாதீர்கள் என்றேன். மறுநாளிலிருந்து அவருடைய ஜீப்புகள் என் கடையில் நிற்பதில்லை. சுருளியின் சொந்த வண்டி மட்டும்தான் நிற்கிறது. பால் மிஞ்சிப்போகிறது.

அந்தோணியாரை நினைத்துக்கொண்டுதான் நானும் வந்தேன். அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்ததை மாற்றிச் சொல்லி அவருக்கு மாலை போட என்னால் ஆகாது. அதை அவர் கழுத்தில் வாங்கமாட்டார்.

ராஜாத்தி

*

போடிநாயக்கனூர்
6 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடுதான் இறங்கவில்லை. யோசித்தவற்றை எழுதுகிறேன். தவறாகவும் இருக்கலாம்.

1. அதிர்ச்சியில் நினைவு மாறிப்போவதுண்டு.
2. அந்த மடலைக் கேட்டபின் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். பல வருடம் கோவிலுக்கு வராதவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
3. பாண்டித்துரையைப் பகைத்துக்கொண்டு நீ அந்த மலையில் கடை நடத்த முடியாது.
4. இதுதான் முக்கியம். பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி, அமாவாசையின் கால் வெளியே வந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறாளாம். அது உண்மையானால் உன் சாட்சி நிற்காது. அவர் குதிக்க முயன்றாரா, முயலவே இல்லையா? தெளிவாக எழுது.

எட்வர்ட்

*

போடிநாயக்கனூர்
22 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு ஈஸ்டர் வாழ்த்துகள்.

உன்னிடமிருந்து பதில் இல்லை. "அம்மா கடுதாசியப் படிச்சுட்டுச் சும்மா தலைய ஆட்டுச்சு வாத்தியாரய்யா. ஏதும் குடுக்கலே" என்கிறான் சுருளி. ஆட்டியது ஆம் என்றா இல்லை என்றா என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல, சும்மா ஆட்டுச்சு" என்கிறான்.

பெரிய வெள்ளியன்று வழக்கம்போல் இயேசுவின் பாடுகளின் வரலாற்றை நான்தான் வாசித்தேன். நெருப்பருகே குளிர்காய்ந்துகொண்டு, அந்த மனிதரை எனக்குத் தெரியாது என்று பேதுரு சொல்லும் வரியை என்னையறியாமல் இரண்டு முறை வாசித்துவிட்டேன். மக்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

எழுது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாவது எழுது.

எட்வர்ட்

*

போடிமெட்டுக்கு மேலே
11 மே 2025

அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நான்காவதாகக் கேட்டதற்குப் பதில் என்னுடையது மட்டுமில்லை. அதனால் அமாவாசையைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று இருந்தேன். போன வாரம் சுருளி அழைத்துப் போனான்.

தெருவில் நுழையும்போதே அவர் கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தோம். பின்னால் பிள்ளைகள் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே வந்தன. ஊரில் அவருக்கு இப்போது குதிச்சான் என்றுதான் பெயராம். அவர் மனைவி கருத்தம்மாள் வாசலை மறித்து நின்றாள். அவள் சொன்னதைச் சுருளி பிறகு என் காதில் கத்தினான்: "எழுதிக் குடுத்த மகராசி வந்துட்டாளா? ஒத்தக் காலு மிச்சமிருக்கே, அதுக்கும் ஏதாச்சும் எழுதிக்கிட்டு வந்திருக்காளா?"

நான் அழவில்லை. அழ வந்தது, அவள் முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை. அமாவாசைதான் உள்ளே வரச் சொன்னார். கேட்கவேண்டியதைக் கேட்டேன். சரி என்று தலையை அசைத்தார். என்ன கேட்டேன் என்பதைத் திருநாளன்று சொல்கிறேன். என் பெயரால் சபை நடுவே சொன்னதை, சபை நடுவே நின்றுதான் நான் மறுக்கவேண்டும்.

அப்படியே போலீஸுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். எழுதிக்கொண்டவர் நன்றி மடலைக் காட்டி, "அப்ப இத யாரு எழுதுனது?" என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டார். நான் எழுதவில்லை என்றேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை.

ராஜாத்தி

*

போடிநாயக்கனூர்
20 மே 2025

ராஜாத்தி,

1. வராதே.
2. பந்தலில் பெருங்கூட்டம் இருக்கும். உன்னை அடித்தாலும் அடிப்பார்கள்.
3. நீ தனியாள். கேட்கவும் கேட்காது.
4. என் பெயரை ஏன் சொல்லவில்லை?

இன்றைக்கு வேறு எழுத வரவில்லை. மதினி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

எட்வர்ட்

*

போடிமெட்டுக்கு மேலே
5 ஜூன் 2025

அண்ணனுக்கு,

மழை இறங்கிவிட்டது. மேகம் கடைக்குள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. மதினிக்குக் கொஞ்சம் ஏலக்காய் கொடுத்திருக்கிறேன்.

பயமாக இருக்கிறது அண்ணே. வருகிறேன்.

உங்கள் பெயரை நான் எதற்குச் சொல்லவேண்டும்? உங்களுக்கு வாய் இருக்கிறது.

ராஜாத்தி

*

போடிநாயக்கனூர்
17 ஜூன் 2025

என் அன்புத் தங்கை ராஜாத்திக்கு,

எழுதப்போகிறவை:

1. நீ பேசும்போதும், நீ போன பின்னும் கூட்டத்தில் பேசியவை.
2. நான் செய்தது.
3. நீ சொல்லியிருக்க வேண்டாத ஒன்று.
4. பிறகு சேர்த்தது: நேற்று அமாவாசை வீட்டில்.

முதலாவது. நீ பேசி முடித்ததும் சுருளி உன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டான். நடந்த பலவும் உன் காதில் விழுந்திருக்காது என்பதால் எழுதுகிறேன்.

கல்லின்மேல் போட்ட துணியை எடுக்குமுன் அந்த மடலை நான் இன்னொரு முறை வாசிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. தாளைப் பிரித்தேன். நீ கூட்டத்திலிருந்து எழுந்து வந்து கையை நீட்டினாய். மைக்கை ஏன் கொடுத்தீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கை கொடுத்துவிட்டது. நான் அதைப் பிறகுதான் கவனித்தேன்.

உன் குரல் உனக்கே கேட்காததால் அளவுக்கு மீறிச் சத்தமாகப் பேசினாய். "இந்த மடல் எம்பேர்ல இருக்கு. நான் எழுதலே. ஸ்டீயரிங்கு தானாத் திரும்பலே, அமாவாசைதான் திருப்புனாரு. குதிக்கணும்னு கால வெளிய வச்சாரு, அதையும் பாத்தேன். திரும்ப உள்ள எடுத்தாரு. பெறகுதான் ஒடிச்சாரு. நாங்கள்லாம் உசுரோட இருக்கோம். இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் அந்தோணியார் என்னயக் கேக்கட்டும்." அந்நேரம் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்து பந்தலின் பாதியை மூடிவிட்டது. பின்னால் இருந்தவர்களின் சத்தம் மட்டும் வந்தது, முகங்கள் தெரியவில்லை. உன் குரல் எதிர்ப்பாறையில் மோதி இன்னொரு முறை கேட்டது. அந்த இடத்தில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அன்றுதான் கேட்பவனாக நின்றேன்.

கூட்டத்தில் சொன்னவற்றில் எழுதக்கூடியவை இவை. "செவிட்டுச் சிறுக்கிக்கு என்னடா தெரியும்." "எம்புட்டு வாங்குனா?" "அவ வாயாலயே வந்துருச்சு பாரு, குதிக்கத்தானே போயிருக்கான்!" இந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பந்தல் முழுக்கச் சிரித்தது. பாண்டித்துரை என்னிடம், "வாத்தியாரே, பிடுங்குங்க மைக்க" என்றார். நான் பிடுங்கவில்லை.

பங்குத்தந்தை தீர்த்தச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். உன்னைப் பார்த்தார், மூடியிருந்த கல்லைப் பார்த்தார். செம்பைப் பீடத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். கல் இன்னும் துணிக்குள்தான் இருக்கிறது.

இரண்டாவது. நீ போனபின் மைக்கில், "அந்த வரி என்னுடையது. நான் அங்கே இல்லை. ஊகித்து எழுதினேன்" என்றேன். அதற்குள் யாரோ மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். மறுநாள் போலீஸில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வழக்கு என்ன ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை. நவநாள் வாசிப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது. இதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் சொல்கிறேன். அவர் கை வண்டியைத் திருப்பியதைச் சொன்னதோடு நீ நிறுத்தியிருக்க வேண்டும். காலைப் பற்றி உன்னை யாரும் கேட்கவில்லை. அதை விட்டிருந்தால் பாதிப் பேராவது உன்னை நம்பியிருப்பார்கள், அமாவாசைக்கும் கெட்ட பெயர் அன்றே போயிருக்கும். உண்மையைச் சொல்வது வேறு, எல்லாவற்றையும் சொல்வது வேறு என்பது என் கருத்து.

இதுவரை எழுதி வைத்துவிட்டு நேற்று தேவாரம் பஸ்சில் ஏறினேன்.

நான்காவது. கருத்தம்மாள் என்னைத் தடுக்கவில்லை, பேசவும் இல்லை. ஒரு செம்புத் தண்ணீரை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். மன்னிப்புக் கேட்கவேண்டியவற்றை வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். அமாவாசை முதலாவதிலேயே நிறுத்திவிட்டார்.

"விடுங்க வாத்தியாரய்யா. அதான் அந்த அம்மா சொல்லிருச்சுல்ல."

"காலைப் பற்றியும் சொல்லிவிட்டாள். அதை மட்டும் விட்டிருக்கலாம்" என்றேன்.

"எங்கிட்டக் கேட்டுட்டுத்தானே சொன்னுச்சு. கால் சங்கதியச் சொல்லவான்னுச்சு. சொல்லுங்கன்னேன்."

"ஏனப்பா?"

அவர் சிரித்தார். "நான் பயந்தேன்ய்யா. சும்மா இல்ல, நல்லாப் பயந்தேன். என்னயக் கேக்காமலே காலு வெளிய போயிருச்சு. பின்னால பொம்பளைக ஒரே சத்தம். பெறகு பாத்தா காலு உள்ள இருக்கு. எப்பிடி எடுத்தேன், யாரு எடுக்கச் சொன்னா, இன்னைக்கி வரைக்கும் தெரியலே. அம்புட்டும் அந்த ஒரு நிமிசம்தான். அத விட்டுட்டு, அமாவாசை பயமறியாதவன்னு சொன்னா, அதுவும் இன்னொரு பளிங்குக் கல்லுதானே?"

மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே அந்தக் கால் இல்லாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்து வெளியே போய், தன்னைத்தானே திரும்ப உள்ளே கொண்டுவந்த கால். பாறைக்கும் இரும்புக்கும் நடுவே என்று தெரிந்தே உள்ளே வந்த கால். இத்தனை வருடம் நான் வாசித்த நன்றி மடல்களில் இதற்கு ஈடான ஒன்று இல்லை. நான் எழுதிய வரியில் அதற்கு இடமே இருக்கவில்லை. எழுந்து நின்றேன். அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பீடத்தின் முன் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "என்னய்யா, பஸ்சுக்கு நேரமாச்சா?" என்று கேட்டார் அமாவாசை.

அவர் கையைப் பற்றிச் சொன்னதோடு நீ நிறுத்தியிருந்தால், ராஜாத்தி, பயப்படாத ஒருவன் வண்டியைத் திருப்பினான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருப்போம். அப்படி ஒருவன் அங்கே இல்லை. அங்கே என்ன நடந்தது என்பதே சொல்லாமல் போயிருக்கும்.

முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கிழிக்கவில்லை. நான் எழுதியதை நீ படிக்கவேண்டும். மூன்றாவதாக நான் எழுதியது தவறு.

அண்ணன்
எட்வர்ட்